பாலையின் நீர்க்கணக்கு

வீடு காலி, இடம் காலி, பாத்திரம் காலி என்று நாள்தோறும் நாம் வழங்கும் ‘காலி’ என்னும் சொல், அரபு மொழியில் பிறந்து உருது வழியே தமிழில் குடியேறிய சொல்லாகும். வெறுமை என்பது அதன் பொருள். (கன்றுகாலி என்னும்போது வரும் ‘காலி’ வேறு, அது கால்நடையைக் குறிக்கும் நம் பழஞ்சொல்.) அரபுத் தீபகற்பத்தின் தென்பகுதியில் சவூதி அரேபியா, ஓமன், யமன், ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நான்கு நாடுகளிலும் விரிந்து கிடக்கும் பெருமணற்பரப்புக்கு ‘அர்ருப்உல் காலி’ என்று பெயர். ‘வெறுமையான காற்பகுதி’ என்று அதனைத் தமிழாக்கலாம். நீளம் ஏறத்தாழ 1,000 கி.மீ.; அகலம் 500 கி.மீ.; பரப்பு ஏறத்தாழ 6,50,000 சதுர கி.மீ. தமிழ்நாட்டைப் போல் ஐந்து மடங்கு.

ஆயினும் அம்மணலில் ஒட்டகம் மேய்த்து வாழ்ந்த பதவியர் அதனைக் காலி என்று அழைக்கவில்லை. ‘அர்ரிமால்’, அதாவது மணல்கள் என்றே அவர்கள் வழங்கினர். காலி என்றவர் அதற்கு வெளியே நின்று நோக்கியவர்.

நம் ஊர்களிலிருந்து பொருள் தேடி வளைகுடா நாடுகளுக்குச் சென்றவர்கள் பலர். விமானச் சாளரத்தின் வழியே கண்டதைப் பற்றி அவர்களிடம் வினவினால், “ஒன்றுமே இல்லை, வெறும் மணல்” என்று கூறுவதே வழக்கம். அந்த ‘ஒன்றுமே இல்லை’ என்பதனுள் என்னென்ன உள்ளன என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். வணிகம் அறிந்த நம் பெரியோர்க்கு எளிதில் விளங்கும் வண்ணம், இதனை ஒரு வரவு செலவுக் கணக்காகவே விளக்க முயல்வோம்.

பாலை என்பது யாது?

தமிழ் மாணவர்க்குப் பாலை என்றவுடன் ஐந்திணை நினைவுக்கு வரும். தொல்காப்பியர் முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என நால்வகை நிலங்களுக்கே தெய்வமும் நிலமும் வகுத்துரைத்தார். பாலைக்கு வேனிலும் நண்பகலும் பொழுதாயின. தனி நிலம் கூறப்படவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுப் பாலை என்னும் வடிவு கொள்ளும் என்பது இளங்கோவடிகள் தரும் விளக்கம். எனவே நம் முன்னோர் கண்ட பாலை, மழை பொய்த்த காலத்தில் தோன்றி, மழை பெய்தபின் மறையும் ஒரு நிலை. அரபு நாட்டுப் பாலையோ, ஆண்டு முழுதும் நூற்றாண்டு முழுதும் நீடிக்கும் நிலம். இரண்டும் ஒன்றல்ல என்பதனை முதற்கண் தெளிதல் வேண்டும். ஆனால் ‘திரிந்த நிலம்’ என்னும் நம் இலக்கியக் கருத்து அரபுப் பாலைக்கும் வேறொரு வகையில் பொருந்தி வருவதைப் பின்னர்க் காண்போம்.

ஒரே வகையான தட்பவெப்பமும், அதற்கேற்ற செடிகொடிகளும், அவற்றைச் சார்ந்த விலங்குகளும் கூடி அமைந்த பெரும்பரப்பை அறிவியலார் ‘பயோம்’ என்பர். நாம் உயிர்ப்பெருமண்டலம் எனலாம். மழைக்காடு ஒரு மண்டலம்; புல்வெளி ஒரு மண்டலம்; பாலையும் அத்தகைய ஒன்றேயாகும். அதன் இலக்கணத்தில் மணலுக்கு இடமில்லை, வெப்பத்திற்கும் இடமில்லை. உலகப் பாலைகளின் பெரும்பகுதி கல்லும் சரளையும் பாறையுமே. மணல் மூடிய பகுதி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். பனி மூடிய அண்டார்க்டிகாவும் அறிவியல் முறைப்படி ஒரு பாலையே. மிகக் குறைவாகவே அங்கு நீர் வானிலிருந்து இறங்குகிறது.

பாலையின் இலக்கணம் பற்றாக்குறை ஒன்றே. ஆண்டுக்கு 250 மில்லி மீட்டருக்குக் குறைவாக மழை பெறும் நிலத்தைப் பாலை என்பது பொதுவான வரையறை. சென்னைக்கு ஆண்டுச் சராசரி 1,400 மி.மீ. அளவில் கிடைக்கிறது. அர்ருப்உல் காலியின் பெரும்பகுதிக்கு 50 மி.மீ.கூடக் கிடைப்பதில்லை. அதுவும் ஆண்டுதோறும் தவறாமல் வரும் வரவன்று. சில ஆண்டுகள் ஒரு துளியும் இன்றிக் கழிந்து, பின்பு ஒரு பிற்பகலில் மூன்றாண்டு மழையும் கொட்டித் தீர்ந்துவிடும். ஆகவே சராசரி என்பது அங்கே ஏட்டில் உள்ள எண்ணேயன்றி நிலம் அறிந்த எண்ணன்று. செலவுப் பக்கத்தை நோக்கின், திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கும் மேலான நீரை ஆவியாக்கவல்ல வெயிலும் காற்றும் அங்கே உள்ளன. வரவு 50, செலவுக்கு வாய் திறந்து நிற்பது 2,000. இந்த ஏற்றத்தாழ்வே பாலை.

வறட்சியின் காரணம்

மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த அரபு நாட்டிற்கு மழை ஏன் இல்லை? இவ்வினாவை மாணவர்கள் கேட்பதுண்டு; நல்ல வினா. நிலநடுக்கோட்டுப் பகுதியில் வெயிலால் சூடேறிய ஈரக்காற்று மேலெழுந்து குளிர்கிறது. குளிரும்போது தன்னிடமுள்ள நீரையெல்லாம் அங்கேயே மழையாகக் கொட்டிவிடுகிறது. வெறுங்கையுடன் வடக்கும் தெற்குமாக நகர்ந்த அக்காற்று, ஏறத்தாழ 30 பாகை அகலாங்கை ஒட்டிக் கீழிறங்குகிறது. இறங்குங்கால் அழுத்தத்தால் சூடேறுகிறது. சூடேறும் காற்று மேகத்தைக் கட்டுவதில்லை. இருக்கும் ஈரத்தையும் உறிஞ்சவே செய்யும். சஹாரா, அரேபியா, தெற்கே கலஹாரி, ஆஸ்திரேலியா ஆகிய பாலைகள் இவ்விரு பட்டைகளை ஒட்டியே அமைந்திருப்பதன் காரணம் இதுவே. (‘ஸஹ்ரா’ என்னும் அரபுச் சொல்லுக்கே பாலை என்றுதான் பொருள். சஹாராப் பாலைவனம் என்பது ‘பாலைப் பாலைவனம்’ என்பதற்கு ஒப்பாகும்!) கடல் அருகிருந்தும் பயனில்லை, நீராவி உண்டு, அதனை மேலே தூக்கிக் குளிர்விப்பார் இல்லை.

மலையின் மறைவில் அமைந்த கோபி, குளிர்ந்த கடல் நீரோட்டத்தால் வறண்ட அட்டகாமா, நமீப் ஆகியவற்றின் காரணங்கள் வேறு. அவற்றை இங்கு விரிக்கவில்லை.

அரபு நாட்டிலேயே இதற்கு ஒரு விலக்கு உண்டு. நம் மேற்குக் கரைக்கு மழை தரும் அதே தென்மேற்குப் பருவக்காற்று, ஓமன் நாட்டின் தோஃபார் மலைகளை ஓரமாகத் தொட்டுச் செல்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை சலாலா நகரின் பின்னுள்ள குன்றுகள் தூறலிலும் மூடுபனியிலும் நனைந்து பச்சை போர்த்து நிற்கும். அம்மலையின் மறுபுறம் இறங்கினால் மணல் தொடங்கிவிடும். ஒரு மலை முகட்டின் அளவே, பசுமைக்கும் பாலைக்கும் இடையிலுள்ள தொலைவு.

மேகமும் ஈரமும் இல்லாத வானம் போர்வையில்லாத உடலைப் போன்றது. பகலில் வெயிலைத் தடுக்க ஒன்றுமில்லை. இரவில் தரையின் வெப்பத்தைத் தேக்கவும் ஒன்றுமில்லை. கோடைப் பகலில் வெப்பம் 50 பாகை செல்சியசை நெருங்கும். பனிக்கால இரவில் நீர் உறையும் நிலையை எட்டுவதும் உண்டு.

மழை வந்தாலோ, அதனை ஏற்கவும் அந்நிலம் பழகவில்லை. மணற்குன்று நீரை உறிஞ்சிக்கொள்ளும் என்பது மெய்யே. ஆனால் கல்லும் இறுகிய தரையுமான பகுதிகளில் முதல் பெருமழையே மண்ணின் துளைகளை அடைத்துவிடுகிறது. பின் பெய்வதெல்லாம் ‘வாதி’ எனப்படும் வறண்ட ஆற்றுப் படுகைகளில் வெள்ளமாய்ப் பாய்கிறது. 2024 ஏப்ரல் 16 அன்று ஐக்கிய அரபு அமீரகத்தின் அல்ஐன் பகுதியில் ஓரிடத்தில் 24 மணி நேரத்திற்குள் 254 மி.மீ. மழை பதிவாயிற்று. 1949 முதல் அங்கு வைத்திருக்கும் பதிவுகளில் அதுவே மிகுதி. துபாயின் விமான நிலைய ஓடுதளம் ஏரியைப் போல் நின்ற காட்சியை நம்மில் பலர் தொலைக்காட்சியில் கண்டோம்.

விதையின் பொறுமை

இத்தகைய நிலத்தில் ஒரு செடி வாழ வேண்டுமாயின் மூன்று வழிகளே உண்டு: நீர் உள்ளபோது மட்டும் வாழ்தல், கிடைத்த நீரைச் சேமித்தல், நீர் இருக்குமிடம் வரை வேர் விடுதல்.

முதல் வழியைப் பின்பற்றுவன ஓராண்டுப் பூண்டுகள். அவற்றின் விதைகள் மணலில் ஆண்டுக்கணக்கில் உறங்கும். சிறு தூறலை நம்பி அவை முளைப்பதில்லை. பல விதைகளின் தோலில் முளைப்பைத் தடுக்கும் பொருள் படிந்துள்ளது. செடி வளர்ந்து பூத்துக் காய்க்கும் அளவுக்கு மழை பெய்தாலன்றி அப்பொருள் கரைந்து போகாது. மேலும் ஒரே மழைக்கு எல்லா விதைகளும் முளைத்துவிடுவதில்லை. ஒரு பங்கு அடுத்த மழைக்கெனக் கைவைப்பாக நிற்கும். முதல் முழுவதையும் ஒரே சரக்கில் போடாத வணிகனின் எச்சரிக்கை இது. முளைத்தபின் தாமதமில்லை, சில வாரங்களில் பூத்து, விதைத்து, மடிகின்றன.

மழைக்குப் பின் மணலுக்கடியில் விளையும் ஒருவகைக் காளானை அரபியர் மிக விரும்பி உண்பர். வளைகுடாவில் அதற்கு ‘ஃபகா’ என்று பெயர். சிறு புதர்ச்செடி ஒன்றின் வேரோடு உறவு கொண்டே அது விளையும். செடி உணவு தர, காளான் மண்ணின் சத்தைத் திரட்டித் தரும். மண்ணில் விரிசல் கண்ட இடத்தைத் தோண்டி எடுப்பதற்கெனக் குடும்பத்தோடு பாலைக்குச் செல்வோர் இன்றும் உளர்.

சேமிக்கும் செடிகள் இலையைச் சுருக்கித் தண்டைப் பருக்க வைத்தவை. அவற்றுட் பல, பகலில் இலைத்துளைகளை இறுக மூடி, இரவின் குளிர்ச்சியில் மட்டும் திறந்து கரிவளியை உள்வாங்கி, மறுநாள் வெயிலில் உணவாக்குகின்றன. கடை திறக்கும் நேரத்தை மாற்றியே நீரிழப்பை மிச்சம் பிடிக்கும் உத்தி இது.

மூன்றாம் வழிக்குச் சான்று ‘காஃப்’ மரம். அமீரகத்தின் தேசிய மரம் அதுவே. மணற்குன்றுகளிடையே தனித்து நின்று, ஆழத்து நீரை எட்டும் ஆணிவேரால் கோடையிலும் பசுமை காக்கும் அம்மரத்தைக் கண்டு வியந்த நம்மவர்க்கு ஒரு செய்தி: அது நம் வன்னி மரமேதான். இராசஸ்தானத்தில் கேஜ்ரி, தமிழில் வன்னி, அரபியில் காஃப்; இனம் ஒன்றே. வன்னியின் உறவினமாகிய சீமைக்கருவேலமும் இரு நாடுகளுக்கும் பொதுவாயிற்று. அது வருந்தத்தக்க பொதுமை. பசுமை வேண்டி அயல்நாட்டிலிருந்து கொணர்ந்து நட்ட அம்மரம் இராமநாதபுரத்துக் கண்மாய்களை அடைத்தது போலவே, ஓமன், அமீரகத்து வாதிகளையும் அடைத்து நிற்கிறது. பாலையைக் ‘காலி’ என்று கருதி எதையேனும் கொண்டு நிரப்ப முற்பட்டால் நேர்வது இதுதான்.

ஒட்டகமும் பிறவும்

ஒட்டகம் தமிழுக்குப் புதிதன்று. அதன் இளமைக்குக் ‘கன்று’ என்னும் பெயர் ஒருசார் வழங்கும் எனத் தொல்காப்பிய மரபியலே குறிக்கிறது. ஆயினும் அவ்விலங்கைப் பற்றி நம்மிடையே நிலவும் ஒரு கருத்து தவறானது. திமிலில் நீர் இருப்பதாகப் பள்ளிப் பருவத்தில் பலரும் கேட்டிருப்போம். திமிலில் இருப்பது கொழுப்பு. உடல் முழுதும் பரவியிருந்தால் வெப்பம் வெளியேறத் தடையாகும் அக்கொழுப்பை ஓரிடத்தில் குவித்து வைத்திருப்பதே திமிலின் பயன்.

ஒட்டகத்தின் உண்மையான திறமை எங்குள்ளது என்பதை 1950-களில் அல்ஜீரியாவின் சஹாராவில் நேரில் அளந்து காட்டியவர் குனுட் ஷ்மிட்-நீல்சன் என்னும் அறிஞர். மனிதனின் உடல் வெப்பம் ஓரிரு பாகை ஏறினும் வியர்த்துக் குளிர்வித்துக்கொள்கிறோம், வியர்வை நீர்ச்செலவு. நீர் கிடைக்காத ஒட்டகமோ விடியற்காலையில் 34 பாகையாக உள்ள தன் உடல் வெப்பத்தைப் பகல் முழுதும் ஏற விட்டு, 40 பாகையைக் கடந்த பின்னரே வியர்க்கத் தொடங்குகிறது. பகலில் வாங்கிய வெப்பத்தை இரவின் குளிர்ந்த வானத்திற்குச் செலவின்றித் திருப்பித் தருகிறது. இவ்வொரு வழக்கத்தாலேயே பெரிய ஒட்டகம் ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐந்து லிட்டர் நீரை மிச்சப்படுத்தும்.

இன்னொன்று. உடலெடையில் எட்டில் ஒரு பங்கு அளவுக்கு நீரை இழந்தால் வெயிலில் மனிதன் பிழைப்பது அரிது. குருதி கெட்டியாகி, உள்வெப்பம் திடீரென ஏறி உயிர் பிரியும். ஒட்டகம் நான்கில் ஒரு பங்கை இழந்தும் நடக்கும். அது இழப்பது பெரும்பாலும் திசுக்களின் நீரை. குருதியின் நீரை இறுதிவரை காக்கிறது. நீர்நிலையை அடைந்ததும் பத்து நிமிடங்களில் நூறு லிட்டர் வரை குடித்துவிடும். பிற விலங்குகளுக்கு இப்படித் திடீரென நீர் புகுந்தால் குருதி அணுக்கள் வெடிக்கும். ஒட்டகத்தின் நீள்வட்ட அணுக்கள் தாங்குகின்றன.

மயிர் மழித்த ஒட்டகம், மழிக்காததைவிட ஒன்றரை மடங்கு நீர் இழந்ததையும் ஷ்மிட்-நீல்சன் கண்டறிந்தார். மயிர்ப்போர்வை குளிருக்கு மட்டும் உரியதன்று, வெயிலுக்கும் அரண். அரபியர் கொளுத்தும் வெயிலில் உடல் முழுதும் மூடும் தளர்ந்த அங்கியை அணிவதன் பொருள் இதனால் விளங்கும். கறுப்பு அங்கியும் வெள்ளை அங்கியும் அணிந்தவர் உடலில் ஏறும் வெப்பம் ஒன்றாகவே இருந்தது என்று 1980-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டிற்று. கறுப்புத் துணி வாங்கும் மிகுதி வெப்பம், துணிக்கும் தோலுக்கும் இடையே ஓடும் காற்றோடு போய்விடுகிறது.

சிற்றுயிர்களின் சிக்கனம் இதனினும் நுண்ணியது. ‘ளப்பு’ எனும் முள்வால் உடும்பு தண்ணீரை நாடுவதில்லை. உண்ணும் தழையிலிருந்தே நீரைப் பெற்று, மிகுந்த உப்பை மூக்கின் வழியே வெளியேற்றுகிறது. ஜெர்போவா என்னும் தாவும் எலி, உலர்ந்த விதைகளைத் தின்று, அவ்வுணவு உடலில் எரியும்போது உண்டாகும் நீரையே பெரிதும் நம்புகிறது. நம் நாட்டிலும் காணப்படும் கல்கௌதாரியின் குடும்பத்தைச் சேர்ந்த ஆண் பறவை, நீர்நிலையில் வயிற்றிறகுகளை நனைத்து, நெடுந்தொலைவு பறந்து சென்று குஞ்சுகளுக்கு ஊட்டும். அவ்விறகுகள் பஞ்சுபோல் நீரைத் தேக்கும் அமைப்புடையவை.

அரபுப் பாலையின் வெண்மானாகிய ஓரிக்ஸ், நீர்நிலையே இல்லாத ஓமன் நாட்டு ஜித்தத்துல் ஹராசீஸ் சமவெளியில், கடலிலிருந்து வரும் மூடுபனி இரவில் நனைத்த தழைகளை மேய்ந்து வாழ்ந்தது. வறட்சி அதனை வெல்லவில்லை. உந்துவண்டியும் துப்பாக்கியும் வென்றன. 1972-இல் காட்டில் வாழ்ந்த கடைசி மந்தையும் அழிந்தது. நற்பேறாக, பத்தாண்டுகளுக்கு முன்பே சில மான்களைப் பிடித்து அமெரிக்க நாட்டு விலங்கியல் பூங்கா ஒன்றில் வளர்த்து வந்தனர். அவற்றின் வழிவந்தவை 1982-இல் மீண்டும் அதே சமவெளியில் விடப்பட்டன. 1996-இல் 450 ஆகப் பெருகியவை, திருட்டு வேட்டையால் 2007-இல் 65 ஆயின. ஓமன் அரசு சரணாலயத்தின் பரப்பைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தமையால், யுனெஸ்கோ 2007-இல் அதனை உலக மரபுப் பட்டியலிலிருந்து நீக்கிற்று. அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட முதல் இடம் என்னும் பெயர் அதற்கு வாய்த்தது. பிற நாடுகளில் செய்த முயற்சியால் இனம் பிழைத்துக்கொண்டது என்பதே ஆறுதல்.

எதிர்பாரா வரவு

வரவே இல்லாத கணக்கில் திடீரெனப் பெருவரவு வந்தால் என்னாகும்? 2018 மே மாதத்தில் ‘மெகுனு’ புயலும், அக்டோபரில் ‘லூபான்’ புயலும் அரபிக்கடலிலிருந்து கரையேறி அர்ருப்உல் காலியில் பெருமழை பொழிந்தன. மணற்குன்றுகளுக்கிடையே ஏரிகள் தோன்றின. ஈர மணலில் புல் முளைத்தது. பாலை வெட்டுக்கிளி முட்டையிடக் காத்திருப்பது அத்தகைய ஈர மணலுக்குத்தான். தனித்து வாழும்போது அது ஊறற்ற சிறு பூச்சி. நெருக்கம் மிகுந்தால் நிறமும் நடத்தையும் மாறிக் கூட்டமாகத் திரளும்.

ஆளரவமற்ற அவ்விடத்தில், யாரும் காணாமலே, 2019 மார்ச்சுக்குள் மூன்று தலைமுறைகள் பெருகின. எண்ணிக்கை 8,000 மடங்கு ஆயிற்று என்பது ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்தின் மதிப்பீடு. அங்கிருந்து புறப்பட்ட கூட்டங்களின் வழித்தோன்றல்கள் 2019, 2020 ஆண்டுகளில் யமன், சோமாலியா, எத்தியோப்பியா, கென்யா, ஈரான், பாகிஸ்தான் நாடுகளையும் நம் இராசஸ்தான், குசராத்து வயல்களையும் தாக்கின. கென்யா எழுபது ஆண்டுகளில் அத்தகைய படையெடுப்பைக் கண்டதில்லை. காலி என்று கருதிக் கண்காணிப்பாரின்றி விடப்பட்ட நிலமே பல நாட்டு உழவரின் களஞ்சியத்தைக் காலி செய்தது.

பழைய முதல்

இனித் திரிந்த நிலம் என்னும் கருத்துக்கு வருவோம். அர்ருப்உல் காலியின் தென்மேற்கு ஓரத்திலுள்ள முந்தஃபன் என்னுமிடத்தில் ஏரிப் படிவுகளும் நன்னீர்ச் சிப்பிகளும் மணலுக்கடியில் உள்ளன. ஏறத்தாழ 10,000 முதல் 6,000 ஆண்டுகளுக்கு முன்வரை பருவமழை வடக்கே மிகுதியாக ஏறி வந்தமையால் அங்கே ஏரியும் புல்வெளியும் இருந்தன. அதற்கும் முன்னர்ப் பலமுறை அவ்வாறு நிகழ்ந்துள்ளது. வடக்கிலுள்ள நஃபூது மணற்பரப்பில் அல்வுஸ்தா என்னுமிடத்தில் கிடைத்த, ஏறத்தாழ 90,000 ஆண்டுப் பழமையுள்ள மனித விரலெலும்பு பற்றிய ஆய்வு 2018-இல் வெளிவந்தது. உடன் கிடைத்தவற்றுள் நீர்யானையின் எலும்பும் ஒன்று. முல்லை திரிந்து பாலையாயிற்று என்பது அங்கே மெய்யான நில வரலாறு.

அப்பழைய ஈரக் காலங்களில் பாறையடுக்குகளில் இறங்கித் தங்கிய நீர் இன்றும் நிலத்தடியில் உள்ளது. அதற்கு ஆண்டு வரவு ஏறத்தாழ இல்லை. முன்னோர் விட்டுச்சென்ற முதல் அது; எடுத்தால் எடுத்ததுதான்.

எண்ணெய் வளத்தால் ஆழ்துளைக் கிணறும் பெரும் இயந்திரமும் கைவந்தபின், 1970-களின் இறுதியிலிருந்து சவூதி அரேபியா அந்நீரை இறைத்துக் கோதுமை பயிரிட்டது. உணவுக்குப் பிறரை நம்பியிருத்தல் ஆபத்து என்னும் அச்சம் அதற்குக் காரணம். அவ்வச்சத்தைப் பிழையென்று நாம் கூறமாட்டோம். மையத்தில் நின்று சுழலும் நீர்த்தெளிப்பான்கள் மணலில் வட்ட வட்டமாகப் பசுமையை வரைந்தன. தன்னிறைவு கண்டு, ஏற்றுமதியும் செய்து, 1990-களின் தொடக்கத்தில் விளைச்சல் ஆண்டுக்கு 40 இலட்சம் டன்னை எட்டிற்று. ஒரு கிலோ கோதுமை விளைய 1,500 லிட்டர் நீர் எனக் குறைத்தே கணக்கிட்டாலும், ஓராண்டு விளைச்சலுக்கு 600 கோடி கன மீட்டர் நீர் ஆகிறது. மாற்று வரவில்லாத நீர்! ஏற்றுமதியான கோதுமையோடு அந்நீரும் கப்பலேறியது என்பதே மெய்யான கணக்கு. 2008-இல் அரசே இதனை உணர்ந்து, படிப்படியாகக் குறைத்து 2016-இல் கொள்முதலை நிறுத்தியது. பின்னர் வரம்புக்குட்பட்டே மீண்டும் இசைவளித்தது.

ஆனால் மாட்டுக்குத் தீவனம் வேண்டுமே. அந்நாட்டுப் பால்பண்ணை நிறுவனம் ஒன்று 2014-இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் நிலம் வாங்கிக் குதிரைமசால் பயிரிட்டுத் தாயகத்துக்கு அனுப்பிற்று. அரிசோனாவும் பாலையே, அங்கும் இறைத்தது நிலத்தடி நீரே. உள்ளூர் மக்களின் கிணறுகள் பற்றிய முறையீடு வலுத்து, அந்நிறுவனத்திற்குத் தந்திருந்த அரசு நிலக் குத்தகைகளை 2023-இல் அம்மாநிலம் முடிவுக்குக் கொணர்ந்தது. ஒரு பாலையின் கடனை மற்றொரு பாலையின் பேரேட்டில் எழுதியது போலாயிற்று.

மேய்ச்சலுக்கும் இதே கதைதான். குறிப்பிட்ட நிலத்தை மேய்ச்சலிலிருந்து காத்து, குறித்த காலத்தில் குறித்த கால்நடைக்கு மட்டும் திறக்கும் ‘ஹிமா’ என்னும் முறை அரபு நாட்டில் பழமையானது. முற்காலத்தில் குலத்தலைவர்கள் தம் மந்தைக்கென வளைத்துக்கொண்ட அவ்வுரிமையை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பொதுநன்மைக்கே உரியதாக ஆக்கினார்கள். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் தம் ஹிமாவின் காப்பாளரிடம், சில ஒட்டகங்களும் சில ஆடுகளுமே உடைய ஏழையை உள்ளே விடுமாறும், பெருஞ்செல்வரின் மந்தையை விடாதிருக்குமாறும் ஆணையிட்டார்கள். மந்தை மடிந்தாலும் செல்வருக்குத் தோப்பும் வயலும் உண்டு, ஏழையோ பிள்ளைகளுடன் அரசிடம்தான் வந்து நிற்பார் என்பது அவர்கள் காட்டிய காரணம். சவூதி அரேபியாவில் 1953-இல் பிறந்த ஓர் அரசாணை ஹிமாக்களின் மீது குலங்களுக்கிருந்த தனியுரிமையை நீக்கி மேய்ச்சலை எல்லார்க்கும் திறந்துவிட்டது. பின்னர்த் தண்ணீர் லாரிகளும் வந்தன. நீர் தீர்ந்ததும் மந்தை விலகிச் செல்லும். புல் மீண்டும் தழைக்கும் என்றிருந்த ஒழுங்கு குலைந்தது. நீர் லாரியில் வந்துகொண்டே இருக்கையில் மந்தை ஏன் விலகும்?

சவூதி அரேபியாவின் கிழக்கே, 25 இலட்சம் பேரீச்ச மரங்களுடன் உலகின் மிகப் பெரிய பாலைச்சோலையாக விளங்கும் அல்அஹ்சாவை யுனெஸ்கோ 2018-இல் உலக மரபிடமாக ஏற்றது. தாமாகவே பொங்கி வழிந்த அதன் ஊற்றுகளின் நீரை இப்போது இயந்திரமே இறைத்துத் தருகிறது. தூய்மைப்படுத்திய கழிவுநீரும் பாசனத்திற்குக் கைகொடுக்கிறது.

ஓமன் நாட்டில் மலையடிவாரத்து நீரை நிலத்தடிக் கால்வாய் வழியே ஊருக்குக் கொணரும் ‘ஃபலஜ்’ என்னும் அமைப்புகள் ஏறத்தாழ 3,000 இன்றும் பயன்பாட்டில் உள்ளன. அவற்றுள் ஐந்து, 2006 முதல் உலக மரபுப் பட்டியலில் உள்ளன. ஃபலஜ் நீர், தன் சரிவில் தானே வரும் அளவே வரும். கூடுதலாக இழுக்க இயலாது. ஊருக்குள் நுழையுமிடத்தில் குடிநீர், அடுத்துப் பள்ளிவாசலும் குளிக்குமிடமும், அதன்பின் பேரீச்சந்தோப்பு, கடைசியில் பருவப் பயிர். தோப்புக்குரிய நீரை லிட்டர் கணக்கில் பங்கிடுவதில்லை, நேரத்தால் பங்கிடுவர். பகலில் நட்ட கம்பின் நிழலையும், இரவில் மலைமுகட்டில் எழும் விண்மீன்களையும் பார்த்து மடை மாற்றுவது மரபு. பல ஊர்களில் கைக்கடிகாரம் அவ்விடத்தைப் பெற்றுவிட்டது. மழை பொய்த்த ஆண்டில் நீர் குறையும்போது எவர் பங்கின் நேரமும் குறைக்கப்படுவதில்லை. கடைக்கோடியிலுள்ள பருவப் பயிர் நிலத்தை அவ்வாண்டு உழாமல் விட்டுவிடுகிறார்கள். பேரீச்ச மரங்களுக்கு மட்டும் நீர் போகிறது.